பெயர் பொறித்த கல்லும் எண் பொறித்த கல்லும்

1. முன்னுரை

போரில் இறந்த வீரனுக்குக் கல் நடுதல் தமிழர்தம் தொன்மையான வழக்கம் என்பதை யாவரும் அறிவர். அவ்வழக்கத்தைச் சமய நோக்கிலும் சமுதாய நோக்கிலும் ஆராய்ந்த கட்டுரைகள் பல உள. நடுகல் வழிபாட்டினின்றே கோயில் வழிபாடு வளர்ந்தது என்பாரும், அஃது இறந்தோரை அஞ்சி வழிபட்ட முறையின் எச்சம் என்பாரும் உளர். அவ்வாராய்ச்சியுள் ஈண்டு நாம் புகவில்லை. நடுகல்லை ஓர் ஆவணமாகக் கொண்டு, இறந்த படைவீரனைப் பற்றி அது எவற்றைப் பதிந்து வைத்தது, எவற்றை விடுத்தது என்று காண்பதே நம் நோக்கம்.

இதற்கு முன்னைய வட ஆர்க்காட்டு மாவட்டத்தை எடுத்துக்கொண்டோம். காரணம் உண்டு. 1989-இல் பிரிக்கப்பெற்ற அம்மாவட்டத்தின் செங்கம் வட்டாரத்திலேதான் பல்லவர் காலத்து நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்தன. அம்மாவட்டத்தின் தலைநகராயிருந்த வேலூரிலேயே, முதல் உலகப் போருக்குச் சென்றவர்களை நினைவுகூரும் கல் ஒன்றும் உளது. கடைத்தெருவிலுள்ள மணிக்கூண்டில் பதிக்கப்பெற்ற அக்கல், இவ்வூரிலிருந்து 277 பேர் பெரும்போருக்குச் சென்றனர், அவருள் 14 பேர் உயிர் கொடுத்தனர் என்று ஆங்கிலத்தில் கூறுகிறது. அப்பதினால்வர் யாவர் என்று அது கூறவில்லை.

ஒரே நிலத்தில் 13 நூற்றாண்டு இடைவெளியில் நிற்கும் இருவகைக் கற்கள் இவை. முன்னது பெயரைச் சொல்கிறது. பின்னது எண்ணைச் சொல்கிறது. இவ்வேறுபாடு எவ்வாறு நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் வினா.

2. நூல்களிற் காணும் செய்தி

தொல்காப்பியர் புறத்திணையியலில் வெட்சித் திணையைச் சார்ந்து கல் நடுதற்குரிய நிலைகளை ஆறாக வகுத்தார். தகுந்த கல்லைத் தேடிக் காண்பது காட்சி. அதனைக் கொள்ளத் தொடங்குவது கால்கோள். நீரால் தூய்மை செய்வது நீர்ப்படை. பின்னர் நடுதலும், பெரும்படை என்னும் சிறப்புச் செய்தலும், வாழ்த்துதலும் முறையே நிகழும். நிரை கவர்தலையும் மீட்டலையும் கூறும் பகுதியிலேயே இச்சடங்கு வைக்கப்பட்டமை கருதத்தக்கது. வேந்தர் இருவர் பொருத பெரும்போரினும், ஊரின் ஆநிரையைக் காக்க நிகழ்ந்த சிறு பூசலே கல்லுக்கு முதல் நிலைக்களன் என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வாறு நிலைகளின் பெயர்களுள் எழுத்துப் பொறித்தல் தனியே எண்ணப்படவில்லை. ஆயினும் சங்கப் பாடல்கள் அதனை மறவாது கூறுகின்றன. பாலை வழியைப் புனையும் அகப்பாடல்கள், வழிதோறும் நின்ற கற்களில் வீரனுடைய பெயரும் பெருமையும் எழுதப்பட்டிருந்தமையையும், அவற்றுக்கு மயிற்பீலி சூட்டப்பட்டமையையும் சுட்டுகின்றன. புறநானூற்றின் 264-ஆம் பாட்டில் உறையூர் இளம்பொன் வாணிகனார் கூறும் செய்தி இன்னும் தெளிவானது. பரற்கற்கள் நிறைந்த நிலத்தில் கற்குவியலாகிய பதுக்கையைச் சேர்த்து, மாலையும் பீலியும் சூட்டி, பெயரும் பொறித்துக் கல்லை இப்போதுதான் நட்டனர் என்கிறார் புலவர். பதுக்கை என்பது இறந்தார் உடலை மூடிய குவியல். ஆகவே உடல் கிடந்த இடம், நடப்பட்ட கல், கல்லிலுள்ள பெயர் என்னும் மூன்றும் ஒருங்கே கூறப்படும் இடம் இது. எல்லா நடுகல்லும் புதைகுழியின்மேல் நின்றவை எனக் கூறல் இயலாது. உடல் வேறிடத்தாயினும் கல் ஊரருகே நிற்றல் கூடும். ஆயினும் கல், பெயர் ஆகிய இரண்டும் பிரியாதன என்னும் கருத்து அக்காலத்தே வேரூன்றிவிட்டது என்பதில் ஐயமில்லை.

எழுத்து அழிந்தால் நேரும் கேட்டையும் சங்கப் புலவர் உணர்ந்திருந்தனர். அகநானூற்றின் 343-ஆம் பாட்டு இதற்குச் சான்று. உப்பு வணிகரின் வண்டிச் சக்கரம் உராய்ந்து நடுகல்லைச் சிதைத்துவிட்டது; உளியாற் செதுக்கிய எழுத்துகளிற் சில கோடுகள் மறைந்தன; அவ்வழிச் செல்லும் புதியோர்க்கு அவ்வெழுத்து வேறொரு பொருளைத் தருகிறது என்பது அப்பாட்டின் செய்தி. ஓர் ஆவணம் சிதைந்தால் அது பேசாமற் போவதோடு நில்லாது, பிழையாகவும் பேசும் என்பதை இப்புலவர் கண்டுரைத்தார். கல்வெட்டுப் படிப்போர் இன்றும் எதிர்கொள்ளும் இடர் இதுவேயாகும்.

3. கற்களிற் காணும் செய்தி

சங்கப் பாடல்கள் கூறும் எழுத்துடைக் கற்கள் நெடுநாள் வரையிற் கிடைத்தில. புலவர் கூற்று வெறும் புனைவோ என ஐயுறற்கும் இடமிருந்தது. 2006-இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகற்கள் மூன்றனைக் கண்டறிந்தனர். கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சார்ந்தவை இவை என்பர் அவற்றை ஆராய்ந்தோர். அவற்றுள் ஒன்றின் வாசகத்தில் அந்தவன் என்னும் பெயரும், கூடலூர் என்னும் ஊரும், ஆகோள் என்னும் நிகழ்ச்சியும் இடம்பெற்றுள்ளன. ஆகோள் என்பது தொல்காப்பியத்திலும் ஆளப்பட்ட சொல். இலக்கணத்திற் கண்ட சொல் கல்லிலும் வந்தமையால் புலவர் கூற்று உண்மையென உறுதிப்பட்டது. இவ்வாசகத்தின் அமைப்பும் நோக்கத்தக்கது. யார், எவ்வூர், எந்நிகழ்ச்சி என்னும் மூன்று வினாக்களுக்கு விடை சில சொற்களில் அடங்கிவிட்டது. அரசன் பெயர் அதில் இல்லை.

பல்லவர் காலத்தில் இவ்வடிவம் விரிவுற்றது. தமிழ்நாட்டரசின் தொல்லியல் துறை 1972-இல் வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' என்னும் தொகுதியும், அதன் பின்னர் 1975-இல் வந்த தருமபுரிக் கல்வெட்டுத் தொகுதியும் இதனை ஆராய்வார்க்குக் கருவூலமாவன. இவ்வட்டாரத்துக் கற்களின் வாசகம் பெரும்பாலும் வட்டெழுத்தில் அமைந்தது. முதலில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும் வரும். அடுத்து அப்பகுதியை ஆண்ட குறுநிலத் தலைவன் சுட்டப்படுவான். பின்னர் இறந்தவன் யாருடைய சேவகன் அல்லது இளமகன் என்பதும், அவன் பெயரும் வரும். தொறுக் கொண்ட ஞான்று, தொறு மீட்டு என்றாற்போல நிகழ்ச்சி கூறப்படும். தொறு என்பது மாட்டு மந்தை. இறுதியிற் பட்டான் என்னும் வினைமுற்றும் கல் என்னும் பெயரும் நின்று வாசகத்தை முடிக்கும். எழுத்தையடுத்தோ அதன்கீழோ வில்லும் வாளும் ஏந்திய வீரன் உருவம் அமையும். காலடியிற் கெண்டியும் சிமிழும் பொறிக்கப்பட்ட கற்களும் உள.

இவ்வமைப்பை உற்று நோக்கின் இஃது ஓர் ஒழுங்குற்ற பதிவுமுறை என்பது புலனாகும். காலம், ஆட்சி, தலைவன், வீரன், செயல், முடிவு என்னும் ஆறு கூறுகளும் ஏறத்தாழ ஒரே வரிசையில் கல்லுக்குக் கல் வருகின்றன. ஊர்தோறும் வெவ்வேறு கைகள் செதுக்கியவை இவை; எனினும் அமைப்பு ஒன்றே. இன்ன இன்ன செய்திகள் இன்றிக் கல் நிறைவுறாது என்னும் உணர்வு மக்களிடையே பொதுவாக இருந்தாலன்றி இவ்வொருமை தோன்றாது.

எடுத்தனூர்க் கல்லை இதற்குச் சிறந்த சான்றாகக் கொள்ளலாம். முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், கருந்தேவக்கத்தி என்பான் எருமை மந்தையைக் காக்கும் முயற்சியில் உயிர் நீத்தான். அவன் வேந்தனல்லன்; படைத்தலைவனும் அல்லன்; ஒரு தலைவனைச் சார்ந்த இளமகன். அவன் உருவத்தருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கள்வரைக் கடித்துக் காத்து நின்ற அந்நாய்க்குக் கோவிவன் என்று பெயர் எனத் தனியே ஒரு வாசகமும் பொறிக்கப்பட்டது. உடன் நின்ற நாயின் பெயரையும் எழுதாமல் விடுதல் முறையன்று என்று அக்கல்லை நட்டோர் கருதினர். மன்னனின் ஆட்சியாண்டு கூறும் அதே கல், மாட்டுக்காவலனின் பெயரையும் நாயின் பெயரையும் கூறுகிறது. பதிவு என்பதன் இலக்கணம் இக்கல்லில் நிறைவுற்றது எனலாம்.

கல்லோடு நில்லாது, இறந்தவனின் குடும்பத்துக்கு நிலம் விடுதலும் வழக்கம். அந்நிலம் நெய்த்தோர்பட்டி என்றும் உதிரப்பட்டி என்றும் கல்வெட்டுகளிற் குறிக்கப்பெறும். நெய்த்தோர் என்பது குருதியைக் குறிக்கும் பழஞ்சொல். இறந்தவன் இன்னான் என்று தெளிந்தாலன்றி அவன் வழியினர்க்கு நிலம் கொடுத்தல் இயலாது. ஆகவே கல்லிலுள்ள பெயர் புகழுக்கு மட்டுமன்றி, எஞ்சியோர் உரிமைக்கும் அடிப்படையாயிற்று.

4. பட்டான், துஞ்சினார்

இனி, இறப்பைக் குறிக்கும் இரு சொற்களை ஒப்பிட்டு நோக்குதல் பயனுடைத்து. நடுகல்லில் வீரன் பட்டான். அரசனோ துஞ்சினான். சங்க காலத்துக் கிள்ளிவளவன் குளமுற்றத்துத் துஞ்சியவன் எனப்பட்டான். சோழர் கல்வெட்டுகளில் அரிஞ்சயன் ஆற்றூர்த் துஞ்சின தேவர். சுந்தர சோழன் பொன்மாளிகைத் துஞ்சின தேவர். இவர்கள் போர்க்களத்தில் இறந்தவரல்லர் ஆதலின் உறங்கினார் என்னும் மங்கல வழக்குப் பொருந்தும் எனலாம். ஆயின் 11-ஆம் நூற்றாண்டின் நடுவிற் கொப்பத்துப் போரில் யானைமேலிருந்து பொருது இறந்த முதலாம் இராசாதிராசனையும் கல்வெட்டு யானைமேல் துஞ்சியவன் என்றே கூறுகிறது. களத்தில் வீழ்ந்தும் அரசன் பட்டான் எனப்படுதல் இல்லை.

அரசர்க்குப் பள்ளிப்படைக் கோயில்களும் எழுந்தன. அரிஞ்சயனுக்கு மேற்பாடியில் முதலாம் இராசராசன் எடுத்த கோயில் அத்தகையது. அம்மேற்பாடியும் வட ஆர்க்காட்டு நிலத்ததே. இவ்வாறு சொல்லாலும் நினைவுச் சின்னத்தாலும் வேந்தனும் வீரனும் வேறுபடுத்தப்பட்டனர் என்பதை மறைத்தல் கூடாது. நம் முன்னோர் உயர்வு தாழ்வு கருதாதவர் எனக் கூறின் அது வரலாறாகாது. எனினும் ஒன்று உறுதி. துஞ்சியவனுக்கும் பெயர் உண்டு. பட்டவனுக்கும் பெயர் உண்டு. சிறப்பில் வேற்றுமை இருந்தது. பெயர் பெறும் உரிமையில் வேற்றுமை இல்லை.

5. பெயர் மறைந்த வழிகள்

பெயர் பொறிக்கும் வழக்கம் இருந்தும் பெயர்கள் பல நமக்கு எட்டவில்லை. அதற்கான வழிகளை மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது, இயற்கையாலும் மக்களின் புழக்கத்தாலும் எழுத்து அழிதல். உப்பு வண்டியைப் பற்றிய அகப்பாட்டு இதனை முன்னரே கூறிற்று.

இரண்டாவது, வழிபாட்டால் பெயர் மறைதல். திருவண்ணாமலை, தருமபுரி வட்டாரங்களில் நடுகற்கள் பல வேடியப்பன் என்னும் பெயரால் இன்றும் வழிபடப்படுகின்றன. எண்ணெயும் மஞ்சளும் பூசி ஊரார் போற்றியதனாலேயே அக்கற்கள் பிழைத்தன. ஆயின் வட்டெழுத்தைப் படிப்பார் இலராக, வெவ்வேறு வீரர் பலரும் வேடியப்பன் என்னும் ஒரே பெயருள் அடங்கிவிட்டனர். பக்தி கல்லைக் காத்தது, பெயரைக் காக்கவில்லை. கல்வெட்டறிஞர் வாசகத்தைப் படித்துக் கூறிய பின்னரே அவ்வீரர் தம் பெயரை மீளப் பெற்றனர்.

மூன்றாவது, படை பெருகுதலால் தனியொருவன் மறைதல். இதுவே நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. சோழப் பேரரசின் படைப்பிரிவுகளாகக் கல்வெட்டுகளில் ஏறத்தாழ 70 பெயர்கள் காணப்படுகின்றன. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் அப்பிரிவுகள் பலவற்றை அறக்கட்டளைகளோடு தொடர்புபடுத்திக் குறிக்கின்றன. மன்னனின் விருதுப் பெயர் தாங்கிய அப்பிரிவுகளை நாம் அறிகிறோம். ஈழத்திலும் கடாரத்திலும் அவற்றுள் நின்று மடிந்த தனி வீரரை அறியோம். ஊர்க் காவலுக்காக இறந்தவன் ஊரார் கண்முன் இறந்தான். அவனுக்கு ஊரார் கல் நட்டனர். கடல் கடந்து இறந்தவனை அறிந்தவர் அவன் உடன் நின்றோர் மட்டுமே. சோழர் காலத்தும் ஊர்ப் பூசலில் இறந்தார்க்குப் பெயருடைக் கற்கள் நடப்பட்டே வந்தன. ஆகவே வழக்கம் மறையவில்லை. வழக்கம் சென்று எட்டாத தொலைவிற்குப் படை சென்றது என்பதே உண்மை.

6. எண் பொறித்த கல்

முதல் உலகப் போரில் இந்தியப் படையினர் 13 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பணிபுரிந்தனர். ஏறத்தாழ 74,000 பேர் இறந்தனர். பிரான்சிலும், கிழக்கு ஆப்பிரிக்காவிலும், மெசபடோமியா எனப்பட்ட இன்றைய ஈராக்கிலும் அவர்கள் மடிந்தனர். 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்கத் தாங்காத் துறைமுகத்தில் நிகழ்ந்த போரில், பாளையங்கோட்டையின் பெயர் தாங்கிய 63-ஆம் காலாட்படையும் இருந்தது. தமிழ் வீரர்க்கு அப்போரிலிருந்த பங்கு இத்தகைய பெயர்களாலும், வேலூர்க் கல் போன்றவற்றாலும் விளங்குகிறது.

இறந்தோர் கல்லறைகளைப் பேணுதற்கென 1917 மே 21-இல் அரச பட்டயத்தால் ஓர் ஆணையம் நிறுவப்பெற்றது. ஃபேபியன் வேர் என்பார் அதன் நிறுவுநர். 1960 முதல் அது காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் என வழங்கப்படுகிறது. 1918-இல் ஃபிரெடரிக் கென்யன் அளித்த அறிக்கையைத் தழுவி, பதவி, இனம், சமயம் என்னும் வேறுபாடின்றி இறந்தார் யாவரையும் ஒருபடித்தாக நினைவுகூர்தல் என்பதை அது தன் கொள்கையாகக் கொண்டது. தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல் என்பது அக்கொள்கையின் விளக்கம். சோழர் காலத்தும் காணாத சமன்மை இது. எழுத்தளவில் இதனினும் உயர்ந்த கொள்கையைக் கூறல் அரிது.

கொள்கை சில இடங்களிற் செயலாயிற்று. பிரான்சின் நவ் ஷப்பேல் என்னுமிடத்தில் 1927-இல் திறக்கப்பெற்ற இந்தியர் நினைவகம், கல்லறை அறியப்படாத 4,700-க்கு மேற்பட்ட இந்திய வீரரின் பெயர்களைத் தாங்கியுள்ளது. 1931-இல் தில்லியில் திறக்கப்பெற்ற இந்திய வாயிலில் 13,000-க்கு மேற்பட்ட பெயர்கள் உள.

ஆயின் ஈராக்கின் பஸ்ராவில் 1929-இல் திறக்கப்பெற்ற நினைவகத்தின் நிலை வேறு. மெசபடோமியாவில் இறந்து கல்லறை அறியப்படாத 40,000-க்கு மேற்பட்டோர்க்கு உரியது அது. அதில் ஆங்கிலேய வீரரின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. இந்தியச் சிப்பாய்களைப் பொறுத்தவரை, படைப்பிரிவின் பெயரும் அதில் இறந்தோர் தொகையுமே பொறிக்கப்பட்டன. 1997-இல் அந்நினைவகம் பஸ்ராத் துறையினின்று பெயர்க்கப்பட்டு நாசிரியாச் சாலையில் மீள எழுப்பப்பட்டது. படைப்பிரிவின் பெயரை மட்டும் தந்து வீரனை மறைத்த சோழர் கால நிலை, இங்கே எண்ணொடு கூடி மீண்டும் வந்தது எனலாம். சோழர் கல்வெட்டு அறக்கட்டளையைக் குறிக்க எழுந்தது. இறந்தோரைக் குறித்தல் அதன் நோக்கமன்று. பஸ்ரா நினைவகமோ இறந்தோரைக் குறிக்கவென்றே எழுந்தது. ஆகவே அதன்கண் பெயரின்மை பெருங்குறையாகிறது.

7. கூறப்பட்ட காரணங்களும் அவற்றின் வன்மையும்

இக்குறைக்குக் காரணங்கள் மூன்று கூறப்படலாம். அவற்றை முறையே ஆராய்வோம்.

இந்துக்களும் சீக்கியரும் இறந்தாரை எரிப்பவர். ஆதலின் கல்லறை இல்லை, கல்லறை இன்மையாற் பெயர் இல்லை என்பது ஒன்று. இது பொருந்தாது. கல்லறை அறியப்படாத ஆங்கிலேயர்க்கும் சுவரிற் பெயர் பொறிக்கப்பட்டது. மேலும் நடுகல் உடலின்மேல் நிற்றல் வேண்டும் என்னும் நியதி நம்மிடை இல்லை என மேலே கண்டோம். உடல் இல்வழியும் பெயர் நிற்கும் என்பதே நடுகல்லின் கருத்து.

இறந்தோர் தொகை மிகப் பெரிது. அத்தனை பெயரைப் பொறித்தல் அரிது என்பது மற்றொன்று. பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் 1927-இல் திறக்கப்பெற்ற மெனின் வாயிலில் 54,000-க்கு மேற்பட்ட பெயர்கள் உள. அங்கே இயன்றது பஸ்ராவில் இயலாதது அன்று.

தனித்தனியே பெயர் பொறித்தலின் பொருளைக் குடியேற்ற நாட்டு மக்கள் உணரார் என்பது மூன்றாவது. இன்றைய கானாவாகிய கோல்ட் கோஸ்ட்டின் ஆளுநர் ககிஸ்பர்க், அந்நாட்டு வீரரைக் குறித்து 1923-இல் இக்கருத்தை வெளிப்படையாகவே கூறினார். வேறு நிலங்களிலும் ஆங்கில ஆட்சியாளரின் செயலுக்கு அடியில் நின்றது இவ்வெண்ணமே. இதனை மறுக்கும் சான்றுகளுள் வட ஆர்க்காட்டு நடுகற்கள் தலையாயவை. 1,300 ஆண்டுகளுக்கு முன் ஒரு மாட்டுக்காவலனின் பெயரையும் அவன் நாயின் பெயரையும் கல்லில் வெட்டிய மக்களின் வழித்தோன்றல்கள், பெயரின் பொருளை உணரார் எனல் எங்ஙனம்?

அரசு இதனை அறியாதிருந்தது எனவும் கூறல் இயலாது. கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஸ், 'எபிகிராபியா இண்டிகா' என்னும் அரசு வெளியீட்டின் நான்காம் தொகுதியில் (1896–97) இதே மாவட்டத்துக் கீழ்முட்டுகூர், ஆம்பூர் ஆகிய ஊர்களின் நடுகல் வாசகங்களைப் படித்து வெளியிட்டிருந்தார். வேலூரிலிருந்து பதினால்வர் சென்று மடிதற்கு முன்னரே, அவர்தம் நாட்டில் வீரனுக்குப் பெயர் பொறிக்கும் மரபு உண்டு என்பது அரசின் அச்சிலேயே வந்துவிட்டது. ஒரு துறை படித்ததை மற்றொரு துறை கேட்கவில்லை.

8. பின்னர் நேர்ந்த திருத்தம்

குறை உணரப்பட்டுத் திருத்தப்பட்ட இடங்களும் உள. போரின்போது இங்கிலாந்தின் பிரைட்டன் நகர மருத்துவமனைகளில் இறந்த இந்துக்களும் சீக்கியரும் ஆகிய 53 வீரர், நகரின் புறத்தே ஒரு குன்றுச் சரிவில் எரியூட்டப்பட்டனர். அவ்விடத்தில் 1921-இல் சத்திரி என்னும் குடை வடிவ நினைவகம் திறக்கப்பட்டது. அதில் அவர்தம் பெயர்கள் இல்லை. 2010 செப்டம்பரில் அதன் அருகே ஆணையம் நிறுவிய கல்லில் 53 பெயர்களும் பொறிக்கப்பட்டன. 89 ஆண்டு கழிந்தும் அப்பெயர்கள் கிடைத்தன என்பதை நாம் கருதுதல் வேண்டும். பெயர் கல்லில் இல்லையெனினும் பதிவேட்டில் இருந்தது, தேடினார்க்கு அகப்பட்டது.

2021 ஏப்ரலில் அவ்வாணையமே தன் சிறப்புக் குழுவின் அறிக்கையை வெளியிட்டது. முதல் உலகப் போரில் இறந்தாருள் ஆசிய, ஆப்பிரிக்க வீரர் 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றையோர்க்கு நிகராக நினைவுகூரப்படவில்லை என்றும், மேலும் 1,16,000 பேரேனும், ஒருகால் 3,50,000 பேர் வரையினும், பெயரால் நினைவுகூரப்படாமலோ முற்றிலும் விடுபட்டோ உள்ளனர் என்றும் அக்குழு கண்டது. பேரரசுக் காலத்து இனப் பாகுபாடே இதற்குக் காரணம் என்பதையும் அது மறைக்கவில்லை. ஆணையம் வருத்தம் தெரிவித்தது.

அதே ஆண்டு நவம்பரில், லாகூர் அருங்காட்சியகத்திற் கிடந்த பதிவேடுகளிலிருந்து, போருக்குச் சென்ற பஞ்சாபியர் ஏறத்தாழ 3,20,000 பேரைப் பற்றிய செய்திகள் வெளிப்படுத்தப்பட்டன. ஊர்வாரியாக எழுதப்பட்ட ஏடுகள் அவை. நூறாண்டாக யாரும் புரட்டாத ஏடுகளில் ஊரும் பெயரும் காத்திருந்தன.

9. நம் கடமை

மேற்கூறியவற்றால் நாம் பெறும் முடிபு இது. வீரனின் பெயரைப் பதிதல் தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. எண்ணை மட்டும் பதிதலே புதிது. பெயரை எழுதும் வழக்கம் ஊரினின்று பிறந்தது. எண்ணை எழுதும் வழக்கம் தொலைவிலிருந்து ஆண்ட அலுவலகத்தினின்று பிறந்தது. ஊர் தன் மகனை அறியும்; அலுவலகம் தன் கணக்கை அறியும். வேலூர் மணிக்கூண்டுக் கல், ஊர் நடுவே நின்றும் அலுவலகத்தின் மொழியிலேயே பேசுகிறது.

இனிச் செய்யத்தக்கன இரண்டு. முதலாவது, எஞ்சிய நடுகற்களைப் பேணுதல். படிக்கல்லாகவும் துவைக்கும் கல்லாகவும் பயன்பட்டு நடுகற்கள் தேய்ந்தழிவதுண்டு. வயலிலும் ஏரிக்கரையிலும் சாய்ந்து கிடக்கும் கல்லை ஊரார் வாயிலாக அறிந்து, மைப்படி எடுத்து, வாசகத்தோடு அவ்வூர் வழங்கும் கதையையும் வழிபாட்டுப் பெயரையும் உடன் குறித்து வைத்தல் வேண்டும். வேடியப்பன் என்று வழிபடுவார்க்கு அக்கல்லின் உண்மைப் பெயரை எடுத்துரைத்தால் வழிபாடு குறையாது. ஊரார்க்கும் கல்லுக்கும் உள்ள உறவு மிகும். பெயர் அறிந்த கல்லை எவரும் படிக்கல்லாக்கத் துணியார்.

இரண்டாவது, எண் பொறித்த கற்களுக்குப் பெயர் காணல். போர்க்கல்லறை ஆணையத்தின் பதிவேடுகளிலும், படைப்பிரிவுகளின் ஏடுகளிலும் இறந்தோர் பெயரும் ஊரும் தேடத்தக்கன. சென்னை நந்தம்பாக்கத்தில் 1952-இல் அமைந்த போர்க்கல்லறைத் தோட்டமும் இத்தேட்டத்திற்கு ஒரு தொடக்கம். இரண்டாம் உலகப் போரில் இறந்தோர் 850-க்கு மேற்பட்டோரின் கல்லறைகள் அங்கு உள. தென்னிந்தியாவிலும் கீழை இந்தியாவிலும் இருந்த பேணவியலாத இடுகாடுகளிலிருந்து கொணர்ந்து சேர்க்கப்பட்டவை அவை. அத்தோட்டத்திலுள்ள நினைவுச் சின்னம், முதற்போர்க் காலத்தில் இறந்து இந்தியாவின் பல இடுகாடுகளிற் கிடப்போர் ஆயிரவர்க்கு மேற்பட்டோரைப் பெயரால் நினைவுகூர்கிறது. கல்லறை சிதறினும் பெயரை ஒருங்கு சேர்த்தல் இயலும் என்பதற்கு இதனினும் அண்மைச் சான்று வேண்டா.

இது படைத்துறையாரின் பணி மட்டுமன்று. தமிழ்த் துறையாரின் பணியும் ஆகும். ஆங்கில எழுத்தர் தம் செவிக்கேற்ப எழுதிவைத்த தமிழ்ப் பெயர்களையும் ஊர்ப்பெயர்களையும் மீண்டும் தமிழாகக் கண்டுணர்தல் மொழிப்பயிற்சி உடையார்க்கே எளிது. உப்பு வண்டி சிதைத்த எழுத்துப் போல, பிறமொழி எழுத்தும் பெயருக்கு வேறு பொருள் தருவதுண்டு. அதனைத் திருத்திப் படித்தல் வட்டெழுத்தைப் படித்தற்கு நிகரான ஆராய்ச்சியே. 277 பேர் சென்றனர், 14 பேர் மீளவில்லை என்னும் வாசகத்தின்கீழ் அப்பதினால்வரின் பெயர்களையும் அவர் பட்ட இடங்களையும் பொறித்தற்கு அக்கல்லின் கீழ் இடம் உண்டோ, அருகே வேறு கல் வேண்டுமோ என்பது பின்னர் எண்ணத்தக்கது. முதலில் பெயர்கள் கிடைத்தல் வேண்டும்.